தோட்டத்துப் பைப்பில் பிடித்த தண்ணீர்

தம்பிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கினால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நயாகராப் பக்கத்தில் பியர் காய்ச்சும் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்லவேண்டும். வேண்டாம் என்று எழுதப்போகிறாய். இதில் ஒன்றையும் நீ எனக்குச் சொல்லவில்லை. ஆவணியில் உன்னைக் கட்டப்போகிற நிரோஜாதான் சொன்னாள். கூறைச் சேலையின் நிறத்தைப் பற்றி உன் அம்மாவிடம் கேட்கப் போன் எடுத்தவள், அம்மா குளிக்கப் போயிருந்ததால் என்னிடம் அகப்பட்டாள். ஏன் பிள்ளை, படிப்பு வேண்டாமாம் என்று கேட்டேன். "சீரியஸ்லி அங்கிள், எனக்கும் விளங்கேல்லை. தன்ரை பியர் ஒருநாளும் சரிவரேல்லையாம். தனக்கு ஒண்டையும் முழுசாச் செய்ய வராதாம். அது உங்களுக்கே தெரியுமாம்" என்றாள். ஒண்டையும் முழுசாச் செய்ய வராது என்ற அந்த வசனம் உன்னுடையது இல்லை, என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன் நம் வீட்டில் கீழே பேஸ்மென்ற்றுக்கு இறங்கும் படியில் நின்று நான் உனக்குச் சொன்னது. நீ அதைக் கல்கரி வரைக்கும் காவிக்கொண்டு போயிருக்கிறாய்.

போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ எங்கே போனில் கதைக்கிறாய்? "ஓம் அப்பா, சரி அப்பா, வேலையில நிக்கிறன் அப்பா" என்று மூன்று சொல்லோடு வைத்துவிடுகிறாய். எனக்குக் கோபம் வருகிறது, பிறகு நான் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ என்னை இடையில் வெட்ட முடியாது. ஆறுதலாக இருந்து கடைசி வரைக்கும் படி. பாதியில் மூடி வைத்தாயோ, நேரே பிளேன் ஏறி வந்து வாசித்துக் காட்டுவேன்.

நீ முதன்முதல் அந்தப் பெரிய சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். யூனிவர்சிற்றியை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டிருந்த காலம். அம்மா சட்டியைக் கண்டு, கோயிலுக்குப் பொங்கல் வைக்கப்போகிறாய் என்று சந்தோஷப்பட்டாள். பியர் என்று தெரிந்ததும் மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை. நானும் உன்னை நக்கலடித்தேன். கடையில் போத்தல் போத்தலாக விற்கிற சாமானை வீட்டில் காய்ச்சுகிறவனுக்கு மண்டை பிழை என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தைக் கூட நீ அப்படித் தொட்டதில்லை. ஒரு கொப்பி வைத்திருந்தாய். முதல் பக்கத்தில் நகராட்சி வெளியிடும் தண்ணீர் அறிக்கையைப் பார்த்து, எங்கள் குழாயில் வரும் தண்ணீரில் கல்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு, சல்பேட் எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாய். "தண்ணியில என்னடா இருக்கு, தண்ணிதானே" என்றேன். "பியரில முக்காவாசிக்கும் மேல தண்ணிதான் அப்பா. பேல் ஏல் எண்ட பியருக்கு ஹொப்ஸ் பூவின்ரை கசப்பு மொறுமொறு எண்டு நாக்கில விழவேணும். அதுக்குத் தண்ணியைத் திருத்தவேணும்" என்று சொன்னாய். பிறகு சின்னத் தராசில் ஜிப்சம் நிறுத்தாய். கல்சியம் குளோரைட் நிறுத்தாய். குளோரின் வாடை போக அரை மாத்திரையை இடித்துப் போட்டாய். "தண்ணிக்குக் காய்ச்சலே, பனடோல் குடுக்கிறாய்?" என்று நான் கேட்க, நீயும் சிரித்தாய். இந்த வீட்டில் நானும் நீயும் ஒன்றாகச் சிரித்த கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.

பியர் சரிவரவில்லை. முதல் தரம் சப்பென்று இருந்தது. ஜிப்சத்தைக் கூட்டினாய். அடுத்ததில் மருந்துக் கசப்பு. இன்னும் கூட்டினாய், உப்புக் கரித்தது. மோல்ட் என்கிற முளைவிட்ட பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைக்கும்போது புளிப்பை அளக்கத் தாள் வைத்துப் பார்ப்பாய். அது உன் கணக்குக்கு வராது. அமிலம் சொட்டுச் சொட்டாக விடுவாய். பிறகு பியர் வேறு மாதிரிப் புளிக்கும். வாளிகளை மாற்றினாய், ஈஸ்ட்டை மாற்றினாய், பைப்பெல்லாம் புதிதாக வாங்கினாய். ஒவ்வொரு தரமும் அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, எங்கே பிழைத்தது என்று தலையைச் சொறிந்துகொண்டு இருந்தாய்.

எங்கே பிழைத்தது என்று இப்போது சொல்கிறேன். நீ தொடங்குவதற்கு முந்தின வருடம், நீ மார்க்கம் நகரத்தில் இரவு வேலைக்குப் போய்ப் பகலில் நித்திரை கொண்ட காலத்தில், ஒருநாள் பின்னேரம் ஒரு ஆள் கதவைத் தட்டினார். கழுத்தில் ரை கட்டின தமிழ் ஆள். கதவில் ஆட்கள் வந்து எதை நீட்டினாலும் கையெழுத்து வைக்கக்கூடாது என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். அதற்கு முதல் நான் மாட்டுப்பட்டு உனக்கு மறைத்து வைத்திருந்த ஹீற்றர் கொன்ராக்டை மூன்று கிழமை போனில் நின்று வெட்டி எடுத்தவன் நீதானே. நானும் கதவைச் சாத்தத்தான் போனேன். அதற்குள் அவர், "அண்ணை, நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்டுவிட்டார். சொன்னேன். அவருடைய பெரியம்மா எங்கள் ஒழுங்கையில் வாழ்க்கைப்பட்டவவாம். பிறகு எப்படியடா வாசலில் நிற்பாட்டி வைப்பது? உள்ளே கூப்பிட்டேன். அம்மா தேத்தண்ணியும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு கிளாஸில் எங்கள் தண்ணீரைப் பிடித்து எதையோ சொட்டு விட்டார், பால் மாதிரிக் கலங்கியது. "பாருங்கோ அக்கா, இதைத்தான் தலையில ஊத்திறியள்" என்றார். அவ்வளவுதான். அம்மா ஐந்து வருடமாகத் தலைமயிர் கொட்டுகிறது, தண்ணி சரியில்லை, தண்ணி சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவள். தேத்தண்ணி குடித்து, சொந்தம் கண்டுபிடித்த ஆளுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கையெழுத்து வைத்தேன். இரண்டு நாளில் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சொஃப்ட்னர் மெஷின் வந்து, கீழே வீட்டைச் சூடாக்கும் பர்னஸ் அறை மூலையில் குந்திக்கொண்டது. அம்மாவின் தலைமயிர் இன்றைக்கும் கொட்டுகிறது.

நீ ஏசுவாய் என்று பயந்தேன். அப்பன் மகனுக்குப் பயந்தான் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. மெஷினில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். நீ ஒருநாள் கண்டு கேட்டபோது, "ஹீற்றரோட சேர்ந்த சாமான், அதில கை வைக்காதை" என்றேன். அதற்கு உப்புப் போடவேண்டும். உப்பு மூட்டைகளைக் கராஜில் அடுக்கி, பனிக்குப் போடுகிற உப்பு என்றே உன்னிடம் சொல்லவேண்டும், மெஷினைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று அம்மாவுக்கும் சொல்லி வைத்தேன். ஒரு ஜனவரியில் நீ அதை எடுத்து கார் விடுகிற ட்ரைவ்வே முழுக்க எறிந்துவிட்டு, "இதென்னப்பா, உருண்டை உருண்டையா வெள்ளை வெளேரெண்டு இருக்கு?" என்று கேட்டாய். புது வகை என்றேன். நீ போன பிறகு குனிந்து குனிந்து பொறுக்கினேன்.

இவ்வளவும் சிரிக்கிற கதைதான். அடுத்தது சிரிக்கிற கதை இல்லை. உன் ஐந்தாவதோ ஆறாவதோ வாளியும் பிழைத்த பிறகு, நீ கொப்பியோடு மேலே வந்தாய். நான் சோபாவில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ரீவிக்கு முன்னால் வந்து நின்று கேட்டாய்: "அப்பா, இந்தக் கணக்கு ஒண்டும் பொருந்துதில்லை. வீட்டுத் தண்ணியில ஏதும் பூட்டினனீங்களோ? சொஃப்ட்னர், கிஃப்ட்னர் மாதிரி?" பார், நீ சரியான இடத்தைத் தொட்டுவிட்டாய். உன் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. நான் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "ஒண்டும் பூட்டேல்லை. தள்ளி நில், செய்தி மறைக்குது." அதற்கும் உன் பியருக்கும் என்ன சம்பந்தம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்று கேட்காதே.

பிறகு, எங்கே பிழை என்று யாராவது சொல்லட்டும் என்று, வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் போட்டிக்கு ஒரு போத்தல் அனுப்பினாய். ருசி பார்த்தவர்கள் எழுதி அனுப்பின தாளைச் சமையலறை மேசையில் விட்டிருந்தாய், நானும் வாசித்தேன். உப்பு, முரட்டுக் கசப்பு, தண்ணீரில் கவனமில்லை என்று எழுதியிருந்தார்கள். தண்ணீரில் கவனமில்லையாம்! தண்ணீரைப் பற்றி உன்னை விடக் கவனித்தவன் எங்கள் றூஜ் வட்டாரம் முழுக்க இருந்திருக்கமாட்டான். அன்றைக்குத்தான் நீ சாமான்களை எல்லாம் கழுவி மூலையில் வைத்துவிட்டுப் படியேறி வந்தாய். நான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்ததோ, "விட்டுத் தள்ளு. உனக்கு ஒண்டையும் முழுசாச் செய்ய வராது. படிப்பும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான்." ஒதுங்கி வழி விட்டாய். இரண்டு மாதத்தில் கல்கரி. சட்டியை என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு, குப்பையில போடுங்கோ என்றாய்.

போடவில்லை. போன மார்கழியில் வேலையிலிருந்து நின்ற பிறகு, கலியாணத்துக்கு வருகிற ஆட்கள் படுக்க பேஸ்மென்ற்றை ஒதுக்கினபோது சட்டியும் கொப்பியும் வெளியே வந்தன. உண்மையைச் சொல்கிறேன், பாசத்தில் அதைத் தூக்கவில்லை. நீ கவனமில்லாமல் செய்தாய், நான் செய்து காட்டுகிறேன் என்ற வீம்பில்தான் தூக்கினேன். இருபத்திரண்டு வருடம் பிளாஸ்ரிக் பக்டரியில் மெஷின் ஓட்டினவன் நான். தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்வதுதான் என் தொழில். உன் கொப்பியின் பதினெட்டாம் பக்கத்தைப் பேல் ஏலுக்குத் தெரிந்தெடுத்தேன். தராசில் கண் வைத்து நிறுத்தேன், நிமிடம் பார்த்துக் காய்ச்சினேன், ஹொப்ஸைச் சொன்ன நேரத்தில் போட்டேன். ஆட்கள் வரும்போது மேசையில் வைத்து, உன் முகத்தைப் பார்க்கலாம் என்று கனவு வேறு. திறந்து குடித்தால், அதே உப்பு, அதே முரட்டுக் கசப்பு. இரண்டாம் தரமும் அதே. மூன்றாம் தரம் வாளியைத் தூக்கி சிங்கில் ஊற்றும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில் வந்த அழுகை. அம்மா மேலே நின்று, "உவர் கிழட்டு வயசில பைத்தியம் பிடிச்சுத் திரியிறார்" என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில், நீ பியர் காய்ச்சுகிற சாமான் வாங்கின கடைக்கே போத்தலோடு போனேன். கடைக்காரப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுழிக்காமல், உங்கள் வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்றாள். மறுநாள் ஜாம் போத்தலில் கொண்டுபோனேன். ஒரு சின்னத் தாளை அதற்குள் தோய்த்து எடுத்தாள். இந்த ஊர்த் தண்ணீருக்குத் தாள் நிறம் மாறவேண்டும், இது மாறவே இல்லை, வீட்டில் சொஃப்ட்னர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அந்த மெஷின் தண்ணீரிலிருந்து கல்சியத்தைப் பிடுங்கிவிட்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை வைக்கும். மோல்ட்டின் புளிப்பை எழவிடாமல் அமுக்குகிற காரத் தன்மை மட்டும் அப்படியே தண்ணீரில் நிற்கும். இருக்காத கல்சியத்தை இருக்கிறதென்று எடுத்துக் கணக்குப் போட்டால் ஒன்றும் பொருந்தாது. அந்தச் சோடியத்துக்கு மேல் ஜிப்சத்தைக் கூட்டக் கூட்டக் கசப்பு முரடாகும். நீ திருத்தத் திருத்த அது கெட்டது அதனால்தான். கணக்குப் போட்ட ஆள் நல்ல ஆள், ஆனால் வேறு வீட்டுத் தண்ணீருக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று கொப்பியைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் அதற்குள்ளேயே இருந்து உன் கொப்பியை முதலிலிருந்து படித்தேன். அதுவரை செய்முறைப் பக்கங்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தாய். தமிழில் சொன்னால் இதுதான்: தண்ணீரில் ஒன்றும் பூட்டவில்லை என்று அப்பா சொல்கிறார். அப்படியானால் பிழை நான்தான்.

என்னடா எழுதியிருக்கிறாய்? கீழே பர்னஸ் அறைக்கு இறங்கி அந்த மூடியைத் திறந்து பார்க்க உனக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. திறந்தால் அடி வரைக்கும் உப்பு. என்னை நம்பினாயா? நான் எவ்வளவு பொய் சொல்வேன் என்று ஹீற்றர் கொன்ராக்டிலேயே உனக்குத் தெரியும். அப்பா சொன்னது பொய் என்று நினைப்பதை விட, உன் கை பிழை என்று நினைப்பது உனக்கு லேசாக இருந்திருக்கிறது. எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதை விடப் பத்து மடங்கு என்மேல். அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெடியன் எத்தினை வாளி ஊத்தினவன் தெரியுமே? ஒவ்வொரு முறையும் சிங்கை நான்தான் கழுவினனான். ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு மேசையில் சோறு மட்டும்தான் இருந்தது, பேச்சு இல்லை.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்திருக்கவேண்டும். எடுத்தேன். நீ வேலையில் நிற்கிறேன் என்றாய். நானும், சும்மாதான் எடுத்தேன் என்று வைத்துவிட்டேன். மற்றது, வெறும் மன்னிப்பை மட்டும் கொண்டு உன்னிடம் வர எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துப் பைப் சொஃப்ட்னருக்கு முதலே பிரிந்து போகிறது, அதில் வருவது சுத்தமான ஏரித் தண்ணீர், நீ கொப்பியில் எழுதின அதே தண்ணீர் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். ஆனால் குளிருக்கு அதை அடைத்து வைத்திருந்தோம். உறைபனி விட்டுப்போகும் வரை காத்திருந்தேன், வைகாசி நடுவில்தான் திறந்தேன். ஒரே நாளில் இரண்டு வாளி காய்ச்சினேன். ஒன்று வழக்கமாக நீ பிடிக்கும் உள் பைப்பில், மற்றது தோட்டத்துப் பைப்பில். மோல்ட் ஒன்று, ஹொப்ஸ் ஒன்று, ஜிப்சம் ஒரே நிறை. இரண்டுக்கும் பதினெட்டாம் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, செடிக்கு ஊத்திற தண்ணியைக் காய்ச்சிறியள்?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

போன கிழமை போத்தல் திறந்தேன். உள் பைப்பில் பிடித்ததை ஒரு வாயோடு வைத்துவிட்டேன், அது எனக்குப் பழகின ருசி. தோட்டத்துத் தண்ணீர்ப் போத்தலைக் கிளாஸில் ஊற்றி வாயில் வைத்தேன். தம்பி, எனக்கு பியரைப் பற்றி ஒன்றும் தெரியாது. விஸ்கிக்காரன் நான். ஆனால் நீ அன்றைக்குச் சொன்ன அந்த மொறுமொறுப்பு நாக்கில் வந்து விழுந்தது. கசப்பு வந்தது, நின்றது, துப்பரவாகப் போனது. அம்மாவைக் கூப்பிட்டு நீட்டினேன். பிறந்ததிலிருந்து தொடாதவள், கிளாஸை மணந்து பார்த்துவிட்டு நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். "அப்ப உவன் சரியாத்தான் செய்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கலியாணம் கட்டப்போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் நாலு இல்லை. நிரோஜா உன் முன்னால் வந்து நின்று ஏதாவது கேட்டால், ரீவியை நிற்பாட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல். ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை, ஏச்சு ஒரு பின்னேரத்தோடு போய்விடும். இன்னொன்று, ஒரு வேலை திரும்பத் திரும்பப் பிழைத்தால் உன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே. உன் கையில் தந்தது என்ன, தந்த ஆள் யார் என்றும் பார். அந்த ஆள் அப்பாவாக இருந்தாலும் மூடியைத் திறந்து பார்.

நிரோஜா வியாழக்கிழமை உன்னிடம் கல்கரிக்கு வருகிறாள். அவளுடைய சூட்கேஸில், அம்மா கொடுத்துவிடுகிற சேலைகளுக்குள் சுற்றி, இந்தக் கடிதத்தோடு இரண்டு போத்தல் வரும். ஒன்று உள் பைப், ஒன்று தோட்டத்துப் பைப். எது எது என்று நான் எழுதி ஒட்டவில்லை. உனக்குத் தெரியும். இரண்டிலும் இருப்பது உன் கணக்குத்தான், ஒரு புள்ளி கூட நான் மாற்றவில்லை.

குடித்துப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை உன் மனதுக்குப் பட்டதை எழுது. வேண்டாம் என்று எழுதினாலும் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் வேண்டாம் என்றால் விருப்பமில்லை என்று எழுது. வராது என்று எழுதாதே. தண்ணீரில் ஒன்றும் பூட்டவில்லை என்றது உன் வேலையைக் கெடுத்த என் முதல் பொய். உனக்கு வராது என்றது இரண்டாவது.

அப்பா